கவச வண்டிக்கு ஒரு பில்

ராணுவத்துக்கு வேண்டாததை
எங்கள் பெக்கான் போலீசுக்குக் கொடுத்தார்கள்.
லோரி முதுகில் தார்ப்பாய் போர்த்தி வந்தது
ஆறு சக்கரக் கவச வண்டி.
கூடவே முப்பது இரும்புத் தொப்பி,
பூசணம் பிடித்த கூடாரம்,
இருட்டில் பார்க்கும் கண்ணாடி இரண்டு;
அதில் ஒன்று பகலிலும் பார்க்காது.

ஆ செங் கடையில் கோப்பி ஆற ஆற எட்டிப் பார்த்தோம்.
இந்த ஊரில் களவு போவது
செம்பனைக் குலை, யமாஹா மோட்டார்,
இரண்டு தடவை மாரியம்மன் உண்டியல்.
"யாரோட சண்டை?" என்றார் உரக்கடை மாசிலாமணி.
யாரும் சிரிக்கவில்லை.
அப்புறம் எல்லாரும் சேர்ந்து சிரித்தோம்,
கொஞ்சம் அதிகமாகவே.

லோரியை விட்டு இறங்க மாட்டேன் என்றது வண்டி.
பேட்டரி செத்திருந்தது.
சார்ஜன் பக்தியார் என் பட்டறைக்கு ஆள் அனுப்பினார்.

மூன்று நாள் அதன் வயிற்றுக்குள் கிடந்தேன்.
வியர்வையும் டீசலும், யாரோ விட்டுப்போன மிட்டாய்த் தாளும்.
ஓட்டுபவன் தலைக்கு மேலே
ஆணியால் கீறிய கோடுகள், ஐந்தைந்தாய்க் கட்டியவை.
எண்ணினேன்: நூற்றுப் பதினெட்டு.
எந்தக் காட்டில் இருந்து
எந்த வீட்டுக்கு எண்ணினானோ,
அதற்கப்புறம் கோடு இல்லை.

துப்பாக்கியைக் கழற்றிக்கொண்டுதான் கொடுத்தார்கள்.
அது இருந்த ஓட்டைக்குத் தகடு வெட்டிப்
பற்றவைத்தது இந்தக் கைதான்.
நல்ல வேலை. மழைத்துளி இறங்காது.

பேட்டரி இரண்டு, டீசல் குழாய், பெல்ட், தகடு, கூலி:
ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரிங்கிட்.
பாலாயில் கொடுத்தேன், மாவட்டம் என்றார்கள்.
மாவட்டத்தில் கொடுத்தேன், மாநிலம் என்றார்கள்.
மாநிலம் கடிதம் போட்டது:
பொருள் ராணுவத்தினுடையது, அங்கே கேட்கவும்.

டிசம்பரில் ஆறு ஏறியது.
மூன்றாங்கட்டைத் தோட்டத்து லயங்களில் இடுப்பளவுத் தண்ணீர்.
பொன்மலர் அக்கா சமையல் மேசைமேல் நின்று போன் செய்தாள்.
நான் பாலாய்க்கு அடித்தேன்.
"அந்த வண்டி மூழ்காது ஐயா, எனக்குத் தெரியும்,
ஒவ்வொரு ஓட்டையையும் நான் அடைத்திருக்கிறேன்."
உத்தரவு இல்லை என்றது ஒரு இளங்குரல்.
மீன்காரர் ரம்லியின் சம்பானில்
ஆறு நடை போய் ஆட்களை இறக்கினோம்.
திரும்பும்போது பாலாய் வாசலில் பார்த்தேன்,
தார்ப்பாய்க்குள் நனையாமல் நின்றது.

மார்ச்சில் உத்தரவு வந்தது.

தோட்டம் விற்றாகிவிட்டது, லயம் இடிக்க வேண்டும்,
கோர்ட் தாளை விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்தார்கள்.
காலை ஆறரைக்கு இரும்புக் கேட்டருகே
கவச வண்டி, முகம் லயத்தைப் பார்த்து.
பின்னால் புல்டோசர்,
தொப்பி போட்டவர்கள் முப்பது பேர்.
தொப்பி எல்லாருக்கும் பெரிசு.

உள்ளே துப்பாக்கி இல்லை என்று
எனக்குத் தெரியும், சார்ஜனுக்குத் தெரியும்.
நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியாது.
அது என் தகட்டையே பார்த்து அழுதது.

முன்னே எடு என்றார் யாரோ.
வண்டி ஒரு முறை இருமியது.
இன்னொரு முறை.
அப்புறம் இருமக்கூட இல்லை.

டீசல் குழாய்க் கவ்வியை
நான் சரியாக இறுக்கினேனா என்று கேட்காதீர்கள்.
எனக்கே நினைவில்லை.
நினைவில்லை என்றுதான் எங்கேயும் சொல்வேன்.

சார்ஜன் கைப்பேசியைக் காதில் வைத்தார்.
கூட்டத்துக்குள், என் சட்டைப் பைக்குள்
மணி அடித்தது.
பில்லும் அதே பையில்தான், நாலாய் மடித்து.
இருபதடித் தூரம்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் அவரைப் பார்த்தேன்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வாசலில் கறிச்சட்டி தேய்த்துக்கொண்டிருந்த அக்கா
தலை தூக்காமலே கேட்டாள்:
"யாருடா போன்ல?"